பெயரும் பொருளும்: இளமாணாக்கர்க்கு அணி கற்பித்தல்

விழா மலர்களிலே கல்லூரியின் பழம்பெருமை பேசுதல் மரபு. அப்பெருமையை எம்மினும் நன்கறிந்த முதியோர் இம்மலரில் அதனை எழுதுவர். இக்கல்லூரியிற் படித்து, பின்னர் ஆசிரிய கலாசாலையிற் பயிற்சி பெற்று, இருபது ஆண்டுகளாக இடைநிலை வகுப்புகளிலே தமிழ் கற்பித்துவரும் எமக்கு வகுப்பறை பற்றி எழுதுவதே தகும். ஆதலின், சிறியதுபோலத் தோன்றும் ஒரு பொருளை ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம். ஆறாந்தரம் முதல் ஒன்பதாந்தரம் வரையுள்ள மாணாக்கர்க்கு உவமை, உருவகம் முதலிய அணிகளைக் கற்பிக்கவேண்டிய முறை யாது என்பதே அது.

இப்பொழுது பல வகுப்புகளில் நிகழ்வது இது. ஆசிரியர் கரும்பலகையில் அணியின் பெயரை எழுதுகின்றார். அதன் கீழ் இலக்கணம் ஒரு வரி. அதன் கீழ் எடுத்துக்காட்டு ஒன்று. மாணாக்கர் மூன்றையும் கொப்பியிற் பதிந்து மனனஞ் செய்கின்றனர். வினாத்தாளில் அதே எடுத்துக்காட்டு வருமாயின் அதே பெயரை எழுதிப் புள்ளி பெறுகின்றனர். தற்குறிப்பேற்றம் என்ற அளவில், மதுரை மதிலின் கொடிகள் கோவலனை வரவேண்டா என்று கைகாட்டி மறித்தமையை வகுப்பு முழுவதும் ஒரே குரலிற் சொல்லும். அவ்வகுப்பையே நோக்கி, “உங்கள் வேலியில் நிற்கும் பூவரசின் இலைகள் காற்றில் அசைகின்றன, அவை யாது சொல்வனவாக உங்களுக்குத் தோன்றுகின்றது?” என்று வினாவிப் பாருங்கள். வகுப்பு வாய்மூடியிருக்கும். “சேர், இது பாடத்தில் இல்லை” என்ற விடை கிடைப்பினும் கிடைக்கும்.

இங்ஙனம் பெயர் மாணாக்கர் கையில் இருக்கின்றது. பொருள் அவர் கைக்கு வரவில்லை. இதனால் விளையும் கேட்டினை ஓர் எளிய சான்றாற் காட்டலாம். ‘போல’ என்னும் சொல் வந்தால் உவமை, வாராதொழிந்தால் உருவகம் என்பது வகுப்புகளிலே வழங்கும் சுருக்குவழி. இச்சுருக்குவழியைக் கற்ற பிள்ளை, “மழை வரும்போல் இருக்கின்றது” என்னும் வாக்கியத்தையும் உவமை என்றே எழுதும். அங்கே ‘போல்’ ஐயத்தை உணர்த்துகின்றதேயன்றி ஒன்றற்கு மற்றொன்றை ஒப்பிடவில்லை. “தமையனைப் போலத் தம்பியும் உயரமானவன்” என்பதில் ஒப்பீடு உண்டு. ஆயினும் அஃது அணியாகாது. ஒரே இனத்துப் பொருள்கள் இரண்டை அளந்து பார்த்தலில் அழகென்று சொல்லத்தக்கது யாதுமில்லை. மறுதலையாக, ‘தாமரை முகம்’ என்பதிற் ‘போல’ இல்லை. எனினும் அஃது உவமைத்தொகை. அதனைத் திருப்பி ‘முகத்தாமரை’ என்றால் உருவகமாகிவிடும். நன்னூலார் பன்னிரண்டு உவம உருபுகளை எண்ணிக் காட்டினார். தொல்காப்பியர் முப்பத்தாறு காட்டினார். அவர்கள் உருபுகளை எண்ணியது உவமையின் பரப்பை உணர்த்துதற்கு. உருபைக் கண்டவுடன் சிந்தனையை நிறுத்திவிடுதற்கு அன்று.

முன்னையோர் வகுத்த முறையே இளம்பிள்ளைகளுக்கு ஏற்றதாக இருப்பதை யாம் பலகாலும் கண்டு வியந்துள்ளோம். தண்டியலங்காரம் பொருளணியியலில் முப்பத்தைந்து அணிகளைக் கூறுகின்றது. அவற்றுள் முதலாவது உவமை அன்று, தன்மையணி. ஒரு பொருளின் இயல்பை உள்ளவாறே, கேட்போர் கண்முன் நிற்குமாறு சொல்லுதல் தன்மையணியாம். உவமை இரண்டாவதாகவும் உருவகம் மூன்றாவதாகவும் வருகின்றன. இவ்வைப்புமுறையிலே ஆசிரியர்க்கு ஒரு பாடம் உண்டு என்பது எமது கருத்து. ஒன்றனை உள்ளவாறு காணாதவன், அது வேறெதனை ஒக்கும் என்று எவ்வாறு சொல்லுவான்? ஆகவே ஆறாந்தரத்தில் உவமைக்கு முன் தன்மையைப் பயிற்றல் வேண்டும். “உங்கள் வீட்டுக் கிணற்றடியைப் பற்றி ஐந்து வாக்கியம் எழுதுங்கள், ‘போல’ என்ற சொல் ஓரிடத்தும் வரலாகாது” என்று பணிக்கலாம். முதல் நாள் யாவரும், “கிணற்றில் நீர் உண்டு, அருகே வாழை உண்டு” என்றே எழுதுவர். மூன்றாம் முறை எழுதும்போது, கயிறு உராய்ந்து கட்டிற் பதிந்த தடமும், வாளி தட்டுப்படும் ஓசையும், பாசி படிந்த படியும் ஒவ்வொன்றாக வந்து சேரும். அதன்பின், “இனி ஒரே ஓர் உவமைக்கு இடமுண்டு, எங்கே வேண்டுமோ அங்கே வையுங்கள்” எனல் வேண்டும். அப்பொழுது பிள்ளை எழுதும் உவமை அப்பிள்ளையின் சொந்த உவமையாக இருக்கும்.

அடுத்து, தொல்காப்பியர் உவமவியலில் உவமையைப் பகுத்த வகையை நோக்குவோம். வினை, பயன், மெய், உரு என்னும் நான்கும் உவமத் தோற்றம் என்றார். இந்நான்கையும் நான்கு வினாக்களாக்கினால் பதினொரு வயதுப் பிள்ளைக்கும் விளங்கும். அது செய்யும் செயலால் ஒத்திருக்கின்றதா? தரும் பயனால் ஒத்திருக்கின்றதா? வடிவத்தால் ஒத்திருக்கின்றதா? நிறத்தால் ஒத்திருக்கின்றதா? குரங்குபோலத் தாவினான் என்பது செயல். மழைபோலக் கொடுத்தான் என்பது பயன். இலங்கை மாங்காய் போன்றது என்பது வடிவம். அழுதவன் கண் செவ்வரத்தம்பூவை ஒத்தது என்பது நிறம். இவ்வினாக்களைக் கேட்டுப் பழகிய மாணாக்கன், அணியின் பெயரை மறந்தாலும், உவமை எதனாற் பொருந்துகின்றது, எந்த அளவிற் பொருந்துகின்றது என்று ஆராயும் வழக்கத்தை மறவான். எமக்கு வேண்டுவது அவ்வழக்கமே.

அணி என்பது புலவர் வீட்டுப் பொருள், நம் வீட்டில் இல்லை என்ற எண்ணம் பிள்ளைகளிடம் வேரூன்றியிருக்கின்றது. அதனை நீக்குதற்கு நெடுந்தூரம் போகவேண்டுவதில்லை. ஊசிக்குக் காது, சீப்புக்குப் பல், நுங்குக்குக் கண், மேசைக்குக் கால், மணிக்கூட்டுக்கு முள். இவையெல்லாம் யாரோ ஒருவர் முதன்முதல் ஒப்புமை கண்டு இட்ட பெயர்கள். வாழைக்குலையின் ஒரு பகுதியைச் சீப்பு என்கின்றோமே, அது ஏன் என்று கேட்டால் ஏழாந்தரப் பிள்ளை சிறிது நேரம் விழித்து, பின்பு தன் தலைமயிரைத் தடவிப் பார்த்துச் சிரிக்கும். அச்சிரிப்பிலேயே உருவகம் விளங்கிவிட்டது. இலக்கணத்தைப் பிறகு சொல்லலாம். எமது ஊர்களிலே பாட்டிமார் போடும் நொடிகளும் இத்தகையனவே. மூன்று கண்ணும் ஒரு குடுமியும் உடையவன் ஒருவனைக் கூறி, அவன் யார் என்று கேட்டுத் தேங்காயை விடையாகப் பெறுவது நொடி. உவமேயத்தை மறைத்து உவமானத்தை மாத்திரம் சொல்லி, மறைத்ததைக் கண்டுபிடி என்கின்றது. “காவோலை விழக் குருத்தோலை சிரித்ததாம்” என்று, முதியோரை இகழும் இளையவனைப் பார்த்து ஆச்சி சொல்லும்போது, பனையைப் பற்றியா சொல்லுகின்றாள்? கருதிய பொருளை மறைத்து அதனை யொத்த வேறொன்றைச் சொல்வதனையே தண்டியாசிரியர் ஒட்டணி என்றார். பிறிதுமொழிதல் என்பாரும் உளர். ஆச்சிக்கு அப்பெயர் தெரியாது, அணி தெரியும். நம் மாணாக்கருட் பலர்க்குப் பெயர் தெரியும், அணி தெரியாது.

இனி, செய்யுளுக்கு வருவோம். நமது கல்லூரிப் பிரார்த்தனை மண்டபத்திலே மாணாக்கர் ஓதிவரும் தேவாரங்களுள், திருநாவுக்கரசர் இறைவன் திருவடிநிழலுக்கு ஐந்து பொருள்களை உவமையாக அடுக்கிய திருப்பாட்டு ஒன்று உண்டு. வீணை, நிலவு, தென்றல், இளவேனில், பொய்கை என அவை வரும். பிள்ளைகள் அதனை உறக்கத்திலும் பாடுவர். “ஒன்று போதாதா? ஏன் ஐந்து?” என்று யாம் வகுப்பிற் கேட்பதுண்டு. காதுக்கு ஒன்று, கண்ணுக்கு ஒன்று, உடம்புக்கு ஒன்று என்று மெல்ல மெல்ல விடை வரும். அதன்பின், அப்பாடலை நாவுக்கரசர் எங்கிருந்து பாடினார் என்று பெரியபுராணம் கூறுவதை நினைவூட்டல் வேண்டும். அவரை நீற்றறையில் அடைத்து ஏழு நாள் பூட்டிவைத்தனர். யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்குச் சுண்ணாம்புச் சூளை என்றால் இன்னதென்று விளக்கவேண்டுவதில்லை. வெந்து நீறாகவேண்டிய இடத்திலிருந்து ஒருவர் தென்றலையும் நிலவையும் பொய்கையையும் பேசுகின்றார்! ஐந்தனுள் உடலை வாட்டுவது ஒன்றேனும் உண்டா என்று பாருங்கள் என்றால், அதுவரை இராகத்தோடு நின்ற பாட்டு அன்றே பொருளோடு அவர் நெஞ்சிற் புகும். உவமை எவ்விடத்தில், யாரால், எந்நிலையிற் சொல்லப்பட்டது என்பதும் உவமையின் பொருளிற் சேர்ந்ததே என்பதை அவர்கள் இதனாற் கற்பர்.

பிள்ளைகள் தடை எழுப்பினால் அதனை அடக்காது வரவேற்றல் வேண்டும். மணற்கேணி தோண்டிய அளவுக்கு ஊறும். அதுபோல மனிதர்க்குக் கற்ற அளவுக்கு அறிவு ஊறும் என்பது வள்ளுவர் வாக்கு. இக்குறளைக் கற்பிக்குங்கால், வலிகாமத்துப் பிள்ளையோ தீவகத்துப் பிள்ளையோ எழுந்து, “சேர், எங்கள் கிணற்றில் மிகுதியாக இறைத்தால் நீர் உவர்த்துப் போகின்றதே” என்று சொல்லக்கூடும். சுண்ணக்கல் நிலத்திலே அளவு கடந்து நீரை எடுத்தால் கடல்நீர் உட்புகும் என்பது உண்மை. இவ்விடத்தில், “அதிகம் பேசாதே, இரு” என்னும் ஆசிரியர் ஒரு நல்ல பாடத்தை இழந்தவராவர். யாதாயினும் ஆகுக, நூலையே திறந்து பார்ப்போம் என்று வகுப்பை அழைத்தல் வேண்டும். வள்ளுவர் கூறியது கல்லுடைத்துக் கட்டிய கிணறு அன்று; மணலிலே தோண்டிய கேணி. இறைக்குமளவுக்கு ஊறும் என்றும் அவர் கூறவில்லை. தோண்டுமளவுக்கு ஊறும் என்றே கூறினார். தோண்டுதல் வேறு, இறைத்தல் வேறு. கற்றலைத் தோண்டுதலுக்கு ஒப்பிட்டாரேயன்றி, கற்றதை எடுத்துச் செலவிடுதலைப் பற்றி அங்கே பேசவில்லை. ஒரு பிள்ளையின் தடை, நாற்பது பிள்ளைகளைச் சொல்லுக்குச் சொல் குறளைப் படிக்கச் செய்துவிட்டது. இதனினும் சிறந்த இலக்கியப் பயிற்சியை யாம் அறியோம்.

உவமானங்கள் காலத்தால் அழிவதும் உண்டு. துலா மிதித்து நீரிறைத்த காட்சியை இன்றைய மாணாக்கர் கண்டிலர்; அவர் அறிந்தது மின்சார இயந்திரம். செக்கும் ஏற்றமும் அவர்க்கு வெறுஞ் சொற்கள். இவற்றைப் படமாகவோ நேரிலோ காட்டிய பின்பே அவற்றால் அமைந்த உவமையைக் கற்பித்தல் வேண்டும். உவமானம் தெரியாத பிள்ளைக்கு உவமை, பூட்டின் மேல் இட்ட மற்றொரு பூட்டாய் முடியும்.

உவமானத்தை நன்கறிந்த பிள்ளைக்கு அதுவே துன்பமாய் முடிவதும் உண்டு. 2004 ஆம் ஆண்டு மார்கழி 26 ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை இந்நாட்டில் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. முல்லைத்தீவிலும் வடமராட்சி கிழக்கிலும் கீழ்மாகாணக் கரையிலும் தாயைக் கடலுக்குக் கொடுத்த பிள்ளைகள் மீண்டும் வகுப்பில் வந்து அமர்ந்தனர். அவர் முன்னே நின்று, ‘கடல் அன்னை’ உருவகத்துக்கு எடுத்துக்காட்டு என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போதல் ஓர் ஆசிரியர்க்கு இயலுமா? இயலாது, இயலவும் கூடாது. வலைஞர் குலத்தோர் கடலை ஏன் தாய் என்றனர், அவ்வொப்புமை எங்கே பொருந்துகின்றது, எங்கே பொருந்தாதொழிகின்றது என்று பேசுவதற்கு அவர்கட்கு இடந்தரல் வேண்டும். உருவகம் ஒரு பொருளின் ஒரு பக்கத்தையே காட்டும். மறுபக்கத்தைக் கண்டவர் வகுப்பில் இருக்கும்போது ஆசிரியர் அவர் சொல்லையும் கேட்டல் கடன்.

இவ்வளவும் கூறியதற்குக் காரணம் புள்ளி மாத்திரம் அன்று. பொருந்தாத உருவகத்தை ஆராயாது ஏற்றுக்கொண்ட சமுதாயம் எத்தகைய விலை கொடுக்கும் என்பதை எமது தலைமுறை அறியும். 2009 இல் முடிந்த போர்க்காலத்திலே, மனிதரைக் கொல்வதனைக் ‘களையெடுப்பு’ என்று சொல்லி நடந்தோர் இருந்தனர். அச்சொல்லைக் கேட்டுத் தலையசைத்தோரும் இருந்தனர். களை என்று பெயரிட்ட அளவில் அவன் ஒரு தாய்க்கு மகன், ஒரு பிள்ளைக்குத் தந்தை என்பது மறைந்தது. களையைப் பிடுங்குமுன் யாரும் விசாரணை செய்வதில்லை அன்றோ? அவ்வுருவகம் விசாரணையையே வேண்டாததாக்கிற்று. வள்ளுவரும் கொடியோரை ஒறுத்தலைக் களைபிடுங்குதலோடு ஒப்பிட்டார் என்று ஒருவர் எதிர்வாதம் கூறலாம். அக்குறள் நிற்கும் இடத்தைப் பார்த்தல் வேண்டும். அது செங்கோன்மை அதிகாரத்தின் இறுதிக் குறள். யாரிடத்தும் ஒருபாற் சாயாது ஆராய்ந்து செய்வதே முறை என்று தொடங்கிய அதிகாரம், ஒன்பது குறள் கடந்தே களைக்கு வருகின்றது. செய்பவன் முறைசெய்யும் வேந்தன். செய்யப்படுபவர் கொடியர் என்று தேர்ந்து அறியப்பட்டோர். இவ்வரம்பெல்லாம் நீக்கிவிட்டு உவமையை மாத்திரம் பிடுங்கிக்கொண்டால் அது வள்ளுவர் உவமை ஆகாது. ஒன்பதாந்தர மாணாக்கனுக்கு இதனை விளங்கச் செய்தல் கூடும். “இவ்வுருவகம் எதனைக் காட்டுகின்றது? எதனை மறைக்கின்றது?” என்று கேட்கப் பழகியவனை மேடைப் பேச்சு எளிதில் மயக்காது.

எமது கருத்துக்கு மாறாகச் சில கூறப்படுவதுண்டு. பாடத்திட்டம் பெரிது, காலம் சிறிது என்பது ஒன்று. நாற்பது நிமிடப் பாடவேளை ஒன்றில் ஐந்து அணிகளின் பெயரை எழுதுவித்தலும் ஆகும். ஓர் உவமையை ஆராய்தலும் ஆகும். எழுதுவித்த ஐந்தையும் அடுத்த தவணையில் மீண்டும் எழுதுவிக்க நேர்கின்றது. ஆராய்ந்த ஒன்று நிற்கின்றது. ஆகவே காலக்கணக்கிலும் எமது முறை நட்டமன்று. பரீட்சை பெயரைத்தானே கேட்கின்றது என்பது மற்றொன்று. பெயர் வேண்டா என்று யாம் கூறவில்லை. மனனஞ் செய்தலையும் யாம் இகழோம். செய்யுளை வாயில் வைத்திருந்த தலைமுறையினரே நமக்குத் தமிழைத் தந்தனர். பொருளைக் கண்ட பின் பெயரைக் கொடுங்கள் என்பதே எமது வேண்டுகோள். பிறந்த பிள்ளைக்குப் பெயர் வைப்பதே உலக வழக்கு. பெயரை வைத்துவிட்டுப் பிள்ளையைத் தேடுவார் இல்லை.

நிறைவாக, இம்மலரைக் கையில் ஏந்தியிருக்கும் பழைய மாணவராகிய அன்பர்க்கு ஒரு விண்ணப்பம். ஆண்டுதோறும் பரிசளிப்பு விழாவுக்கு நீங்கள் தாராளமாக உதவுகின்றீர்கள். பேச்சுப் போட்டிக்கும் கட்டுரைப் போட்டிக்கும் பரிசில்கள் உங்கள் பெற்றோர் நினைவாக வழங்கப்படுகின்றன. அம்மேடைகளில் ஒலிக்கும் பேச்சுக்கள் பலவும் பெரியோர் எழுதிக் கொடுத்தவை. அவற்றில் முத்தும் பவளமும் மழையும் தென்றலும் குறைவின்றி உண்டு. பேசும் பிள்ளை கண்ட பொருள் ஒன்றேனும் இல்லை. கைதட்டும் நாமும் அதற்கு உடந்தை ஆகின்றோம். அப்பரிசில்களுள் ஒன்றை மாற்றியமையுங்கள். இடைநிலை மாணாக்கன் ஒருவன், வகுப்பிலிருந்தே, தான் நேரிற் கண்ட ஒரு பொருளைப் பற்றி ஒரு பக்கம் எழுதுக. அதில் அவன் தானே கண்ட உவமை ஒன்று இருக்குக. அவ்வுவமை ஏன் பொருந்துகின்றது என்று நடுவர் கேட்பின் விடையிறுக்குக. அவ்வாறு விடையிறுப்பவனுக்கு அப்பரிசில் போகட்டும்.

செலவு மிகாத இச்சிறு மாற்றத்தை இவ்விழா ஆண்டிலேயே தொடங்கலாம். நடுவராய் இருக்க யாம் உடன்படுகின்றோம். நம் கல்லூரி நீடு வாழ்க.